சீரியல் இசைக்குப் பேக்கேஜ்: கையெழுத்துக்கு முன்

கேள்வி: நான்கு வருடமாக ஒரு இசையமைப்பாளரிடம் கீபோர்டு புரோகிராமராக இருக்கிறேன். இப்போது ஒரு தினசரித் தொடருக்கு டைட்டில் பாட்டும் ஆர்.ஆரும் (பின்னணி இசை) தனியாகச் செய்ய வாய்ப்பு வந்திருக்கிறது. சம்பளம் பேக்கேஜ், அதாவது எல்லாச் செலவும் சேர்த்து மொத்தமாக ஒரு தொகை. 'எல்லா உரிமையும் தயாரிப்பாளருக்கே, ராயல்டி கேட்கக் கூடாது' என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. கையெழுத்துப் போடலாமா? சீரியல்காரர் என்று முத்திரை விழுந்தால் சினிமா கிடைக்குமா? (வாசகர், திருச்சி)

பதில்: வேலையை எடுங்கள். ஆனால் அந்தத் தாளில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம்.

முத்திரையைப் பற்றி ரொம்ப யோசிக்காதீர்கள். ஏ.ஆர். ரஹ்மான் 1992-ல் சினிமா இசையமைப்பாளராகும்வரை விளம்பரங்களுக்கு ஜிங்கிள் போட்டுக்கொண்டிருந்தவர்தான்.

பேக்கேஜ் என்றால் என்ன என்று புரோகிராமருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஆனாலும் கணக்கைத் தாளில் போட்டுப் பாருங்கள். பாடகர், கோரஸ், ஒரு புல்லாங்குழல், ஒரு வீணை, ஸ்டுடியோ வாடகை, மிக்ஸிங் எல்லாம் அதிலிருந்துதான். ஒரு லட்சம் என்று பேசினால், டைட்டில் பாட்டு முடியும்போதே பாதிக்கு மேல் போயிருக்கலாம். வருவதிலும் டிடிஎஸ் (வருமான வரி) பிடிப்பார்கள். அதனால் டைட்டில் பாட்டுக்குத் தனித்தொகை, ஆர்.ஆருக்கு எபிசோட் கணக்கு என்று பிரித்துக் கேளுங்கள். தொடர் ஆயிரம் எபிசோட் ஓடினாலும் உங்களுக்கு முதல் மாதப் பணம் மட்டும்தான் என்ற நிலை வரக் கூடாது.

அடுத்தது அந்த 'ராயல்டி கேட்கக் கூடாது' வரி. 2012-ல் பதிப்புரிமைச் சட்டத்தைத் திருத்தியபோது இதற்காகவே ஒரு ஏற்பாடு செய்தார்கள். படத்தில் இடம்பெறும் இசைக்கும் பாடல் வரிக்கும், தியேட்டரில் படத்தோடு சேர்த்துக் காட்டுவது தவிர மற்றப் பயன்பாடுகளில் வரும் ராயல்டியில், பதிப்புரிமையை எழுதி வாங்கியவரோடு சமமாகப் பங்கு பெறும் உரிமை அதைப் படைத்தவருக்கு உண்டு. அதை விட்டுக்கொடுக்கவே முடியாது. வாரிசுக்கோ, ராயல்டியை வசூலித்துப் பிரித்துத் தரும் பதிப்புரிமைச் சங்கத்துக்கோ மட்டும்தான் எழுதித் தரலாம். மாறாக எழுதிய வரி செல்லாது. சட்டத்தில் 'திரைப்படம்' என்ற சொல்லின் வரையறை விரிவானது. தொலைக்காட்சித் தொடரும் அதில் அடங்கும். பதிப்புரிமையை அவர்களுக்கே எழுதிக்கொடுத்தாலும் இந்தப் பங்கு உங்களிடமே இருக்கும்.

உரிமை எத்தனை காலத்துக்கு என்று ஒப்பந்தத்தில் எழுதாவிட்டால் ஐந்து வருடம், எல்லை எழுதாவிட்டால் இந்தியா மட்டும் என்றுதான் சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால்தான் 'உலகம் முழுவதும், நிரந்தரமாக' என்று அடித்து வைத்திருப்பார்கள். வேறு மொழியில் டப் செய்தாலோ, உங்கள் பிட்டுகளை (சின்னச் சின்ன இசைத் துண்டுகள்) இன்னொரு தொடரில் போட்டாலோ தனிக்கட்டணம் என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். சண்டை போட வேண்டாம், "சார், இது சட்டத்துலயே இருக்கு" என்றால் போதும். அப்புறம் இசைக்கும் பாடல் வரிக்குமான பதிப்புரிமைச் சங்கமான ஐபிஆர்எஸ்ஸில் உறுப்பினராகி, ஒவ்வொரு படைப்பையும் பதிவு செய்யுங்கள். பதிவில்லாத பாட்டுக்குப் பணம் உங்களைத் தேடி வராது.

சரி, வேலை எப்படி இருக்கும்? சினிமாவில் ரீல் ரீலாகப் பார்த்து வாசிப்பீர்கள். தினசரித் தொடரில் அதற்கு நேரம் கிடையாது. முதல் சில வாரங்களில் ஒரு பிட் வங்கி செய்து கொடுத்துவிட வேண்டும்; பிறகு பெரும்பாலும் எடிட்டில்தான் அதை ஒட்டுவார்கள். மாமியார் பீரோவைத் திறக்கிறார், மூன்று முகங்களுக்கு குளோசப். அந்த இடத்துக்கு ஒரே ஸ்டீரியோ மிக்ஸாகக் கொடுத்தால் வெட்டும்போது நடுவில் முறியும். அடிநாதம், துடிப்பு, அதிரும் அடி என்று தனித்தனி ஸ்டெம்மாக (ஒவ்வொன்றும் ஒரு தனி ஒலித்தடம்) கொடுங்கள். எத்தனை முகம் வந்தாலும் நீட்டிக்கொள்வார்கள்.

பெயர் வைப்பதிலும் கவனம். ஒருமுறை ஒரு ஃபைலுக்கு 'மெதுவான நாதஸ்வரம்' என்று மட்டும் பெயர் வைத்துக் கொடுத்தேன். எடிட் மேசையில் இருந்த தம்பி அதைச் சாவு வீட்டுக் காட்சியில் போட்டுவிட்டார். எபிசோட் ஒளிபரப்பாகிவிட்டது, என் அம்மா போனில் கூப்பிட்டுத் திட்டினார். அன்றிலிருந்து 'கல்யாணம்_நாதஸ்வரம்_மெதுவாக_40நொடி' என்று முழு விவரத்தோடுதான் அனுப்புகிறேன்.

கடைசியாக, உங்கள் இசையமைப்பாளரிடம் நீங்களே போய்ச் சொல்லிவிடுங்கள். வேறு வாய் வழியாக அவர் கேட்க வேண்டாம். அவர் ஸ்டுடியோ சாம்பிள் லைப்ரரியை (கீபோர்டில் வாசிக்கப் பதிவு செய்து வைத்த ஒலிகளின் தொகுப்பு) ஹார்ட் டிஸ்க்கில் அள்ளிக்கொண்டும் வராதீர்கள். அதன் லைசென்ஸ் அவர் பெயரில் இருக்கிறது.