மே மாத விடுமுறையில் மாலத்தீவு ரிசார்ட்டுக்கு ஒரு நாள் மட்டும் சென்று வரலாமா?

தங்கும் செலவைத் தவிர்த்து, 'டே விசிட்' மட்டும் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். மே மாதக் கடைசி என்றால் வேண்டாம் என்பதே என் பதில்.

பிள்ளைகளின் பள்ளி விடுமுறையை வைத்துத்தான் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்திருப்பீர்கள். நாங்களும் அப்படித்தான் 2025 மே கடைசி வாரத்தில் கிருஷ்ணகிரியிலிருந்து புறப்பட்டு, பெங்களூரில் விமானம் ஏறினோம். காவேரிப்பட்டணத்தை ஒட்டிய எங்கள் தோப்பில் மாங்காய் பறிப்பு நடந்துகொண்டிருந்த நேரத்தில், அதைத் தம்பியின் பொறுப்பில் விட்டுவிட்டு அம்மாவும் வந்தார். கிருஷ்ணகிரி அணையையும் ஒகேனக்கல்லையும் தவிரப் பெரிய நீர்ப்பரப்பு எதையும் அவர் பார்த்ததில்லை. சீட்டு எடுத்த பணத்தில் அவருக்குக் கடலைக் காட்ட வேண்டும் என்பதற்காகவே இந்தப் பயணத்தைத் திட்டமிட்டேன்.

தலைநகர் மாலேவுக்குத் தெற்கே, உள்ளூர் மக்கள் வசிக்கும் மாஃபுஷி தீவில் தங்கியிருந்தோம். அங்கிருந்த ஒரு முகவர், ஒரு ரிசார்ட்டில் நீர்மேல் நிற்கும் வில்லாக்களின் படத்தைக் காட்டி, காலை 9 மணிக்குப் படகு, மாலை 4 மணிக்குத் திரும்புதல் என்று சொல்லி நால்வருக்கும் முழுப்பணத்தையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். மறுநாள் அலை பெரிதாக இருந்ததால் படகு 11 மணிக்குத்தான் கிளம்பியது. ஒவ்வோர் அலையிலும் படகின் அடிப்பகுதி பலகையில் அறைவதுபோல் அதிர, அம்மா என் கையைப் பிடித்தபடி இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

ரிசார்ட்டில் சிவப்புக் கொடி ஏற்றியிருந்தார்கள். அன்று கடலில் இறங்கக் கூடாது. வில்லாக்கள் இருந்த மரப்பாலத்தில் தங்கும் விருந்தினர் மட்டுமே நடக்கலாம். நிழல் உள்ள சாய்வு நாற்காலிகளும் அவர்களுக்கே. எங்களுக்கு அறை கிடையாது என்பதால், ஒரு மணிக்கு மழை பிடித்துக்கொண்டபோது துண்டு கொடுக்கும் கொட்டகையின் ஓரத்தில்தான் நின்றோம். நனைந்த சேலையின் தலைப்பைப் பிழிந்தபடி, "நேரமாச்சா கண்ணு?" என்று அம்மா கேட்டுக்கொண்டே இருந்தார். குளிருக்காக மூன்று தேநீர் வாங்கினேன். விலைப்பட்டியலில் ஒன்றுக்கு 6 டாலர். 18 டாலரின் மேல் சேவைக் கட்டணம் 10 விழுக்காடு, அதையும் சேர்த்த தொகையின் மேல் சுற்றுலா வரி 16 விழுக்காடு என்று ரசீதில் ஏறத்தாழ 23 டாலர் வந்தது. அந்த வரி 2025 ஜூலை முதல் 17 விழுக்காடாகிவிட்டது. ஆகவே 100 டாலர் என்று விலை சொல்லி, வரிகள் தனி என்றால், நீங்கள் 129 டாலர் எடுத்துவைக்க வேண்டும்.

வசதி இல்லாதவர்கள் ஏன் அங்கெல்லாம் போக வேண்டும் என்று இங்கே சிலர் எழுதுவார்கள் என்பதை அறிவேன். நான் இலவசமாகப் போகவில்லை. கேட்ட தொகையை முழுதாகக் கொடுத்தேன். மழைக்கு யாரையும் குறை சொல்லவும் இல்லை. மாலத்தீவில் தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கி அக்டோபர், நவம்பர் வரை நீடிக்கும். அந்த ஆண்டு கேரளத்துக்கே மே 24-ஆம் தேதி பருவமழை வந்துவிட்டது. எனக்குத் தெரியாத இந்தக் கடல், தினமும் படகு அனுப்புகிற அந்த முகவருக்குத் தெரியும். தெரிந்தே விற்றுவிட்டு, இரண்டு மணி நேரம் குறைந்ததற்கு ஒரு டாலரைக்கூடத் திருப்பித் தரவில்லை என்பதுதான் என் வருத்தம். எங்கள் பக்கத்து ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினால் மாவட்ட நிர்வாகம் பரிசலை நிறுத்திவிடும்; ஓடாத பரிசலுக்கு யாரும் காசு கேட்பதில்லை.

உங்களால் முடிந்தால் ஜனவரி முதல் ஏப்ரலுக்குள் செல்லுங்கள். விலை கூடுதல்தான், ஆனால் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். மே மாதம்தான் முடியும் என்றால், படகு தாமதமானால் திரும்பும் நேரம் மாறுமா, சிவப்புக் கொடி ஏற்றினால் பணம் திரும்ப வருமா, மழையில் ஒதுங்க இடம் உண்டா என்பவற்றை வாட்ஸ்அப்பிலாவது எழுதி வாங்குங்கள். எழுதித் தர மறுத்தால் அந்தப் பணத்துக்கு மாஃபுஷியிலேயே கூடுதலாகத் தங்கலாம். மறுநாள் மழை விட்ட பிறகு, அம்மா இருட்டும்வரை அலையில் கால் நனைத்தபடி நின்றது அந்த ஊர்க் கடற்கரையில்தான்.