மூட்டையா, பயணியா?

கேள்வி: அக்கா, எனக்கு வயது 24, வீடு பம்மலில். சி.பி.எல். (சம்பளத்துக்கு விமானம் ஓட்டுவதற்கான லைசென்ஸ்) கையில் இருக்கிறது, மொத்தம் 215 மணி நேரம் பறந்திருக்கிறேன். இரண்டு வருஷம் சும்மா இருந்த பிறகு இப்போது ஒரே மாதத்தில் இரண்டு வேலை. ஒன்று சரக்கு நிறுவனம்: போயிங் 737-800, சென்னை பேஸ், பெரும்பாலும் ராத்திரி ஓட்டம், டைப் ரேட்டிங் (அந்த வகை விமானத்தை ஓட்டுவதற்கான தனிப் பயிற்சியும் தகுதியும்) செலவு அவர்களுடையது, ஆனால் ஐந்து வருஷ பாண்ட். இன்னொன்று சின்ன ஊர்களுக்குப் பறக்கும் புதிய பயணிகள் நிறுவனம்: ஏ.டி.ஆர். 72 ப்ரொப்பெல்லர் விமானம், ஹைதராபாத் பேஸ், பகல் ஓட்டம், பாண்ட் இரண்டு வருஷம்தான், ஆனால் ரேட்டிங்குக்கு 22 லட்சம் நான் கட்ட வேண்டும். படிப்புக்கே அப்பா வீட்டை அடமானம் வைத்திருக்கிறார். அமெரிக்க பைலட்டுகள் 'முதலில் சரக்கு, அப்புறம்தான் ஏர்லைன்' என்கிறார்கள். அம்மா, 'இவ்வளவு செலவு பண்ணிப் படிச்சது மூட்டை ஏத்தவா? பொண்ணு கேட்டுப் போனா என்னன்னு சொல்றது?' என்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் பதில் சொல்ல வேண்டும். (பெயர் வேண்டாம், பம்மல்)

பதில்:

தம்பி, முதலில் அமெரிக்காவை ஓரமாக வைத்துவிடுவோம். அங்கே அந்தப் பேச்சு வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது, அது உனக்குப் பொருந்தாது. 2009 பிப்ரவரியில் பஃபலோ நகரத்துப் பக்கம் ஒரு சின்ன டர்போப்ராப் (ப்ரொப்பெல்லர் வைத்த) பயணிகள் விமானம் விழுந்து 50 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு சட்டம் மாறி, 2013-லிருந்து அங்கே கோ-பைலட் சீட்டில் உட்காரவே பொதுவாக 1500 மணி நேரம் வேண்டும் என்றாகிவிட்டது. (அன்றைக்கு அந்த காக்பிட்டில் இருந்த இருவருக்குமே 1500-க்கு மேல் இருந்தது என்பது வேறு கதை.) லைசென்ஸ் வாங்கியவன் அந்த 1500-ஐ எங்கே போய்ச் சேர்ப்பான்? விமானப் பயிற்சிப் பள்ளியில் பாடம் எடுப்பான், இல்லையென்றால் ஒற்றை எஞ்சின் செஸ்னா காரவானில் பார்சல் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் பறப்பான். அவனுக்குச் சரக்கு வேலை ஒரு காத்திருப்பு அறை. இங்கே 200 மணி நேரத்தில் சி.பி.எல். வாங்கி, டைப் ரேட்டிங் முடித்து, நேராக ஜெட்டின் வலது சீட்டில், அதாவது கோ-பைலட் சீட்டில், உட்காருகிறோம். நமக்கு 1500 தேவைப்படுவது அடுத்த லைசென்ஸான ஏ.டி.பி.எல். வாங்கி கேப்டன் ஆவதற்குத்தான். அதனால் 'முதலில் சரக்கு' என்கிற வாக்கியத்துக்கு மீனம்பாக்கத்தில் அர்த்தமே இல்லை.

இன்னொன்று. 'சரக்கு பைலட்' என்று ஒரு லைசென்ஸ் கிடையாது. உன் லைசென்ஸில் ஏறப்போவது 737 என்கிற ரேட்டிங். அந்த விமானம் நேற்றுவரை ஆள் ஏற்றிய விமானமாக இருந்திருக்கலாம், சீட்டைப் பிடுங்கிவிட்டுப் பெரிய கதவு வைத்திருப்பார்கள், ஆனால் காக்பிட் அதே காக்பிட்தான். ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ், ஆகாசா, ஸ்பைஸ்ஜெட் எல்லாவற்றிலும் 737 குடும்பம் ஓடுகிறது. நாளைக்கு நீ மாறினால் 737-இன் புதிய மாடலான மேக்ஸுக்கு ஒரு சின்னப் பயிற்சி, அவ்வளவுதான். இதுவே போயிங் 757 என்றால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். இந்தியாவில் அதை ஓட்டுவது நம்ம மீனம்பாக்கத்து ப்ளூ டார்ட் மட்டும்தான், நல்ல விமானம், ஆனால் உள்ளூரில் அந்த ரேட்டிங்கை எடுத்துக்கொண்டு வேறு வாசலுக்குப் போக முடியாது.

சரி, இப்போது ஏ.டி.ஆர். பக்கம் வருகிறேன். நான் தொடங்கியது அதில்தான், அதனால் கொஞ்சம் ஓரவஞ்சனை இருக்கும், பொறுத்துக்கொள்.

அந்த விமானத்தில் எஞ்சின் பவரைத் தானாகக் கூட்டிக் குறைக்கிற ஆட்டோ த்ராட்டில் கிடையாது. பவர் லீவரை நீயேதான் கையால் பார்த்துக்கொள்ள வேண்டும், வேகம் ஐந்து நாட் இறங்கினால் உன் கைக்குத்தான் முதலில் தெரிய வேண்டும். 25,000 அடிக்கு மேல் ஏறாது என்பதால் ஐப்பசி, கார்த்திகையில் 737-காரர்கள் மழை மேகத்துக்கு மேலே சொகுசாகப் போகும்போது நாம் அதற்குள்ளேயே வழி தேடிக்கொண்டிருப்போம். தரையில் மின்சாரமும் ஏசியும் தருகிற சின்ன எஞ்சின், அதாவது ஏ.பி.யூ., தனியாக இல்லாததால் தரையில் வலது எஞ்சினை ஓடவிட்டு, ப்ரொப்பெல்லருக்கு மட்டும் பிரேக் போட்டு ஏசி ஓட்டுவார்கள், அதையும் நிறுத்திவிட்டால் சித்திரை வெயிலில் காக்பிட் இட்லிப் பானைதான். நான் ஏ.டி.ஆர். ஓட்டிய காலத்தில் தூத்துக்குடி ரன்வே 1350 மீட்டர். இப்போது மூன்று கிலோமீட்டருக்கு மேல் நீட்டிவிட்டார்கள், இன்றைக்குப் போகிறவர்களுக்கு அந்தப் பதற்றமே புரியாது. மதியத்துக்கு மேல் கடல்காற்று குறுக்கே அடிக்கும், தொடும் இடம் தப்பினால் மறுபடி மேலே ஏறிச் சுற்றிவர வேண்டியதுதான். அங்கே நான் கற்றுக்கொண்டதை எந்த சிமுலேட்டரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

கணக்காகவே சொல்கிறேன். ஏ.டி.ஆரில் ஒரு நாளைக்கு நான்கு செக்டர் (ஒரு ஊரிலிருந்து இன்னொரு ஊருக்குப் போகும் ஒரு பயணம்) என்று வை, கட்டுப்பாட்டைக் கொடுக்கிற கேப்டன் அமைந்தால் அதில் இரண்டு உன்னுடையது, மாதம் பதினெட்டு நாள் பறந்தால் முப்பத்தைந்து தரையிறக்கம் உன் கையால் நடக்கும். சரக்கில் ஒரு ராத்திரிக்கு இரண்டு செக்டர், சென்னையிலிருந்து டெல்லி போனால் இரண்டே முக்கால் மணி நேரம், அதில் பெரும்பகுதியை ஆட்டோ பைலட் பார்த்துக்கொள்ளும். மாதக் கடைசியில் லாக்புக்கில் இரண்டு பேருக்கும் எழுபது மணி நேரம் ஏறியிருக்கும், ஆனால் உன் இறக்கம் பதினாலு, பதினைந்துதான். புதுப் பையனுக்கு அந்த வித்தியாசம் பெரிது. மணி நேரத்தை எண்ணுகிற எல்லாரும் இறக்கத்தை எண்ண மறந்துவிடுகிறார்கள்.

அப்புறம் ராத்திரி. நான் ஆறு வருஷம் சரக்கு ஓட்டினேன். ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை உடம்பு எதற்கும் ஒத்துழைக்காது, அது பழக்கத்தால் போகாது, காபியாலும் போகாது. நாலு மணிக்கு இறங்கி, பேப்பர் வேலை முடித்து, திரிசூலத்தில் டீ குடித்துவிட்டு வீடு போனால் என் மகள் ஸ்கூல் பையோடு கதவைத் திறப்பாள். நான் படுக்கும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடும், காய்கறி வண்டி ஒலிபெருக்கியில் கூவும், கேஸ் சிலிண்டர்காரர் தட்டுவார். பம்மலில் உன் வீடு ரோட்டோரமா, உள்ளே தள்ளியா? சிரிக்காதே, இந்தக் கேள்வி சம்பளக் கேள்வியை விட முக்கியம். பகலில் இருட்டாக்கக்கூடிய ஒரு அறை உனக்கு வேண்டும், அதை வீட்டில் எல்லாரும் மதிக்க வேண்டும். பகலில் தூங்குகிறவனைச் சோம்பேறி என்று நினைக்கும் சொந்தக்காரர்கள் உனக்கும் இருப்பார்கள்.

ஆனால் சரக்கு சும்மா இல்லை. 2013 ஏப்ரலில் ஆப்கானிஸ்தானின் பாக்ராமில் ஒரு 747 சரக்கு விமானம் ராணுவ வண்டிகளை ஏற்றிக்கொண்டு கிளம்பியது, மேலேறும்போதே உள்ளே கட்டு விட்டுப்போய் வண்டி பின்னால் நகர்ந்தது, ஏழு பேரும் போய்விட்டார்கள். பயணி பெல்ட் போட்டுக்கொண்டு தன்னைத்தானே பார்த்துக்கொள்வான், மூட்டை பார்த்துக்கொள்ளாது. எடை எங்கே உட்கார்ந்திருக்கிறது, பூட்டு விழுந்திருக்கிறதா, எந்தப் பெட்டியில் லித்தியம் பேட்டரி இருக்கிறது என்று டார்ச் அடித்துப் பார்க்கிற பழக்கம் எனக்கு அங்கேதான் வந்தது.

நிறுவனம் நிற்குமா என்பது அடுத்த பயம். இதில் இரண்டு பக்கத்துக்கும் நல்ல பெயர் இல்லை. சின்ன ஊர்ப் பக்கம் பாரமவுண்ட் ஏர்வேஸ் 2010-ல் நின்றது, கோவையின் ஏர் கார்னிவல் 2016-ல் வந்து 2017-லேயே போனது. சரக்குப் பக்கம் டெக்கான் 360 இருந்தது, 2009-ல் வந்து 2011-ல் காணோம். நான் முதலில் வேலை பார்த்த இடத்திலும் நாலு மாதம் சம்பளம் வரவில்லை, ஐந்தாவது மாதம் ஆபீஸே இல்லை. ஆனால் 2020-ஐ மறக்காதே. மார்ச் 25-லிருந்து மே 24 வரை உள்நாட்டுப் பயணிகள் விமானம் ஒன்றுகூடப் பறக்கவில்லை, சம்பளமில்லாத விடுப்பில் என் நண்பர்கள் வீட்டில் உட்கார்ந்திருந்தார்கள். சரக்கு மட்டும் மருந்தும் மாஸ்க்கும் ஏற்றிக்கொண்டு ஓடிக்கொண்டிருந்தது.

இப்போது உன் விஷயம். உனக்குக் கடன் இல்லை, இரண்டு பக்கமும் ரேட்டிங் இலவசம் என்றால் கண்ணை மூடிக்கொண்டு ஏ.டி.ஆர். போ என்றுதான் சொல்லியிருப்பேன். ஆனால் நிலைமை அது இல்லையே. அடமானத்தில் இருக்கிற வீட்டின் மேல் இன்னும் 22 லட்சம், அதுவும் புதிய நிறுவனத்துக்கு, அதற்கு மேல் ஹைதராபாத்தில் வாடகை. வேலைக்கு வருகிறவனிடம் முதலில் பணம் கேட்கிற முதலாளி மேல் எனக்கு எப்போதுமே சந்தேகம் உண்டு. அந்த நிறுவனத்திடம் ஒரு கேள்வி கேட்டுப் பார்: உங்கள் ரூட்டுகளில் எத்தனை உடான் (சின்ன ஊர் விமான சேவைக்கான மத்திய அரசுத் திட்டம்) மானியத்தில் ஓடுகிறது, அது எப்போது முடிகிறது? அந்த மானியம் பொதுவாக மூன்று வருஷம்தான், முடிந்த கையோடு நின்றுபோன ரூட்டுகள் ஏராளம். அவர்கள் 22 லட்சத்தைச் சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் எனக்கு ஒரு மெயில் போடு, மறுபடி பேசுவோம். இல்லையென்றால் சரக்குக்குப் போ.

போவதற்கு முன் அந்த பாண்டை வரி வரியாகப் படி. ஐந்து வருஷம் என்பது என்றையிலிருந்து? கையெழுத்துப் போட்ட நாளா, ரேட்டிங் முடிந்த நாளா, பயிற்சிப் பறப்பும் முடிந்து வழக்கமான வேலைக்கு, அதாவது லைனில், ரிலீஸ் ஆன நாளா? சிமுலேட்டர் இடம் கிடைக்காமல் எட்டு மாதம் தள்ளிப்போனால் அந்த எட்டு மாதம் யார் கணக்கு? பாதியில் விலகினால் கட்ட வேண்டிய தொகை வருஷத்துக்கு வருஷம் குறைகிறதா, கடைசி நாள் வரை அதே தொகையா? குறையவில்லை என்றால் குறைக்கச் சொல்லிக் கேள், கேட்பதில் தப்பே இல்லை. குத்தகைக்கு எடுத்த விமானத்தை நிறுவனமே திருப்பிக் கொடுத்துவிட்டால் பாண்ட் என்ன ஆகும் என்று ஒரு வரி இருக்க வேண்டும். அதோடு விமானத் துறையைக் கட்டுப்படுத்துகிற டி.ஜி.சி.ஏ. விதிப்படி கோ-பைலட் ஆறு மாதம், கேப்டன் ஒரு வருஷம் நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அது பாண்டுக்கு வெளியே தனி. தாம்பரம் கோர்ட் பக்கம் யாராவது தெரிந்த வக்கீலிடம் காட்டு, ஆயிரமோ இரண்டாயிரமோ வாங்குவார், கொடு.

ரோஸ்டரும் (பணி அட்டவணை) கேள். மேனேஜர் காட்டுகிற அழகான தாள் வேண்டாம், அங்கே ஏற்கெனவே பறக்கிற ஒரு கோ-பைலட்டின் போன மாத ரோஸ்டர். தொடர்ந்து எத்தனை ராத்திரி வருகிறது, இடையில் இரண்டு ராத்திரி முழுசாகத் தூங்க விடுகிறார்களா என்று அதில் தெரியும். எத்தனை விமானம் இருக்கிறது என்றும் எண்ணு. நாலு விமானம் இருக்கிற இடத்தில் உனக்கு மேலே இருக்கிற ஒருவர் போனால்தான் உனக்கு கேப்டனின் இடது சீட், 1500 மணி நேரம் ஒன்றரை, இரண்டு வருஷத்தில் வந்துவிடும், கேப்டன் பட்டை அதோடு வராது. முடிந்தால் பகல் செக்டர் கிடைக்கும்போதெல்லாம் கேட்டு வாங்கு, இறக்கம் தருகிற கேப்டன்கள் யார் யார் என்று முதல் மாதத்திலேயே தெரிந்துகொள்.

அம்மா விஷயத்துக்கு வருகிறேன். அவர் கேட்டதில் தப்பில்லை, பயணி விமானம் என்றால் தொப்பியும் பட்டையும் நாலு பேர் பார்ப்பார்கள், இங்கே ராத்திரி ஒரு மணிக்கு கார்கோ கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் மட்டும்தான் பார்ப்பார். ஆனால் பட்டை அதே பட்டை, லைசென்ஸ் அதே லைசென்ஸ். பேஸ் சென்னை என்பதை அழுத்திச் சொல்லு, பொண்ணு வீட்டுக்காரர்கள் 'பையன் எந்த ஊர்ல இருக்கான்' என்றுதான் முதலில் கேட்பார்கள், பம்மலில் சொந்த வீட்டில் இருக்கிறான் என்றால் பாதிப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும். வீட்டைப் பற்றி மீதியை வங்கிக் கடன் அடைந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம்.