கூரைக் கழிவுக்கு 30 யார்டு டம்ப்ஸ்டர் வேண்டாம்

வணக்கம். 2,500 சதுர அடிக் கூரை, பிரித்தெடுக்க வேண்டிய பழைய ஷிங்கிள் (கூரை மேல் அடிக்கும் தகடு) இரண்டு அடுக்கு, 30 யார்டு டம்ப்ஸ்டர் (30 கன யார்டு கொள்ளும் வாடகைக் கழிவுப் பெட்டி) எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இடத்தைவிட எடைதான் இங்கே பிரச்சினை. 100 சதுர அடி ஆஸ்ஃபால்ட் ஷிங்கிள் ஓர் அடுக்குக்கே சுமார் 230 பவுண்டு வரும். உங்கள் இரண்டு அடுக்குக்கு 11,500 பவுண்டு, கிட்டத்தட்ட ஆறு டன் (2,000 பவுண்டு ஒரு டன்)! மட்கிப்போன பலகை இருந்தால் அது தனி. 20 யார்டில் இது அடங்கிவிடும். ஆனால் வாடகையில் எத்தனை டன் சேர்த்தி, அதற்கு மேல் டன்னுக்கு எவ்வளவு என்று கேட்காமல் பதிவு செய்யாதீர்கள். நான் அதைக் கேட்கவில்லை, பில் வந்தபோது மனசு கஷ்டமாகிவிட்டது. ஒரே பெட்டியில் அவ்வளவு எடை ஏற்ற மாட்டோம் என்று வாடகைக்காரர்கள் சொன்னால் 10 யார்டு இரண்டாக, ஒன்று நிரம்பியதும் மாற்றித் தரச் சொல்லுங்கள்.

அப்புறம், டிரைவ்வேயில் சக்கரம் படும் இடத்தில் தடித்த பலகை போடுங்கள், இல்லையென்றால் தரை பெயரும். தெருவில் வைப்பதானால் நகராட்சி அனுமதி தேவையா என்று முதலிலேயே விசாரியுங்கள். விளிம்புக்கு மேல் குவிக்காதீர்கள். வேலை முடிந்ததும் சிதறிய ஆணிகளை எடுக்க காந்த உருளையால் புல்வெளியை இரண்டு முறை துழாவுங்கள், குழந்தைகள் ஓடும் இடம் அது.