எம்ஐஏ ஊசி மட்டும் போட்டுவிட்டு குருத்தெலும்பு காப்பாற்றப்பட்டதா என்று சொல்ல முடியுமா?

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: ஒரு செடியிலிருந்து பிரித்தெடுத்த ஆன்டிஆக்ஸிடன்ட் சேர்மம் முழங்கால் குருத்தெலும்பைத் தேய்மானத்திலிருந்து காக்கிறதா என்று எலியில் பார்க்க வேண்டும், லேபில் அறுவை செய்ய வசதியில்லை, மூட்டைக் கெடுக்கும் எம்ஐஏ என்ற ரசாயன ஊசி போட்டால் நாலு வாரத்தில் வேலை முடிந்துவிடும் என்று கைடு சொல்கிறார், போதுமா?

வலி குறைகிறதா என்பது உங்கள் கேள்வியாக இருந்தால் தாராளமாகப் போதும். குருத்தெலும்பைக் காக்கிறதா என்றால் போதாது. இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லக் காரணம், என் முதல் இரண்டு வருட வேலை இதே இடத்தில்தான் மாட்டிக்கொண்டது.

எம்ஐஏ, அதாவது மோனோசோடியம் அயோடோஅசிடேட், மூட்டுக்குள் போனதும் குருத்தெலும்புச் செல்கள் குளுக்கோஸை உடைத்து ஆற்றல் எடுக்கும் பாதையில் ஒரு முக்கியமான நொதியை முடக்கிவிடுகிறது. குருத்தெலும்பில் ரத்தக்குழாயே கிடையாது, அங்கே ஆக்ஸிஜன் குறைவு, அந்தச் செல்கள் பெரும்பாலும் அந்தப் பாதையை நம்பித்தான் இருக்கின்றன, அதனால் கொத்துக்கொத்தாகச் செத்துப்போகின்றன. எலிக்கு வழக்கமாகப் போடும் 1 முதல் 3 மில்லிகிராமில், மேல் அளவுக்குப் போனால், ஸ்லைடில் பார்க்கும்போது மனசு சங்கடப்படும். சாஃப்ரனின் என்ற சிவப்புச் சாயம் போட்ட நல்ல குருத்தெலும்பு செக்கச்செவேலென்று இருக்கும், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு செல் உட்கார்ந்திருக்கும். எம்ஐஏ போட்ட முழங்காலில் சிவப்பு பரவலாக வெளுத்துக் கிடக்கும், குழிகள் இருக்கும், உள்ளே செல் இருக்காது. காப்பாற்றுவதற்கு அங்கே யாருமே இல்லை. மனிதனின் தேய்மானம் இப்படி நடப்பதில்லை. அங்கே செல்கள் பல வருடங்கள் போராடுகின்றன, விரிசலின் ஓரத்தில் கொத்தாகப் பெருகிச் சரிசெய்யப் பார்க்கின்றன, அதோடு தப்பான நொதிகளையும் சுரக்கின்றன. உங்கள் சேர்மம் வேலை செய்ய வேண்டியது அந்தப் போராட்டத்தின் நடுவில்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது, இதைப் பலர் யோசிப்பதே இல்லை. அயோடோஅசிடேட் அந்த நொதியை முடக்குவது அதிலுள்ள சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தகத்தோடு ஒட்டிக்கொண்டுதான். உங்கள் சேர்மத்திலும் அதே மாதிரி தயால் தொகுதி, அதாவது கந்தகமும் ஹைட்ரஜனும் சேர்ந்த பகுதி, இருந்து, ஊசி போடும் நேரத்தில் அது மூட்டுக்குள்ளேயே இருந்தால், அயோடோஅசிடேட் அதோடு வினைபுரிந்து வீணாகிவிடலாம். அப்போது குருத்தெலும்பு நன்றாகவே இருக்கும், நீங்களும் மருந்து காத்தது என்று எழுதிவிடுவீர்கள். உண்மையில் நடந்தது விஷம் முறிந்தது மட்டும்தான். சேர்மத்தின் அமைப்பை முதலில் பாருங்கள். சந்தேகம் இருந்தால் எம்ஐஏ போட்டுச் சில நாள் கழித்து மருந்தை ஆரம்பித்து ஒரு குழு வையுங்கள்.

வலிக்கு எம்ஐஏ நல்ல மாடல் என்று சொன்னேன், அதிலும் ஒரு கவனம் தேவை. முதல் வாரம் தெரிவது பெரும்பாலும் அழற்சியின் வலி. இரண்டு வாரம் தாண்டிய பிறகு தெரிவது வேறு வலி, எலும்பும் நரம்பும் அதில் சேர்ந்துகொள்கின்றன. வீக்கம் குறைக்கும் மருந்து முதல் கட்டத்தில் பிரமாதமாகத் தெரிந்துவிட்டுப் பின்னால் சொதப்பும். எனக்கு நடந்தது இதுதான்: எலி இரண்டு பின்னங்காலிலும் எடையைச் சமமாக ஊன்ற ஆரம்பித்தது, குழுவே சந்தோஷப்பட்டது, அப்புறம் வெட்டிப் பார்த்தால் மருந்து கொடுத்த குருத்தெலும்புக்கும் கொடுக்காததற்கும் துளி வித்தியாசம் இல்லை.

சரி, அறுவை இல்லாமல் வேறென்ன வழி? கொலாஜினேஸ் ஊசி ஒன்று. 1990ஐ ஒட்டி நெதர்லாந்து ஆய்வாளர்கள் சுண்டெலியில் காட்டியது. நொதி மூட்டைப் பிடித்திருக்கும் ஜவ்வுகளைத் தளர்த்துகிறது, மூட்டு ஆட்டம் காண்கிறது, அந்த ஆட்டத்தில் குருத்தெலும்பு தேய்கிறது. காரணமும் விளைவும் மனிதனுக்குக் கொஞ்சம் நெருக்கமாக இருக்கின்றன, செல்களும் உயிரோடு இருக்கின்றன. ஆனால் அளவு கூடினால் நொதி குருத்தெலும்பையே தின்றுவிடும். ஒவ்வொரு புட்டியின் வீரியமும் ஒரே மாதிரி இருக்காது, அதனால் மில்லிகிராம் கணக்கில் போடாமல் யூனிட் கணக்கில் போடுங்கள், மொத்த ஆய்வுக்கும் ஒரே லாட், அதாவது ஒரே தடவையில் தயாரித்த சரக்கு, வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரத்தால் காலை அழுத்தும் முறையும் உண்டு. 2012ல் கலிபோர்னியாவில் சுண்டெலியின் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும் நடுவே ஒரே ஒரு அழுத்தம் கொடுத்து, தோலைக் கீறாமலேயே முழங்காலுக்குள் இருக்கும் ஏசிஎல் ஜவ்வை அறுத்துக் காட்டினார்கள். விளையாட்டில் கால் திரும்பி அடிபட்டவர்களுக்குப் பின்னால் வரும் தேய்மானத்துக்கு இதைவிடப் பொருத்தமானதை நான் பார்த்ததில்லை. கருவி வேண்டும், உங்களிடம் இல்லை என்று நினைக்கிறேன்.

என் ஓட்டு டங்கின் ஹார்ட்லி என்ற வகைக் கினிப் பன்றிக்கு. எதுவுமே செய்ய வேண்டாம், மூன்று மாத வயதிலேயே முழங்காலின் உட்பக்கத்தில், மெனிஸ்கஸ் என்ற மெத்தை போன்ற குருத்தெலும்பு மூடாத இடத்தில், சின்னதாக வெளுக்கத் தொடங்கும். ஒரு வயதில் நன்றாகவே தெரியும். முதன்முதலில் அந்த ஸ்லைடில் விரிசல் ஓரத்தில் செல்கள் கொத்தாக நிற்பதைப் பார்த்தபோது, மாற்று மூட்டு வைத்தவர்களிடமிருந்து எடுத்த எலும்புத் துண்டுகளில் நான் பார்த்த அதே காட்சிதான் அது. குறை என்னவென்றால் மாதக்கணக்கில் வளர்க்க வேண்டும், இரண்டு முழங்காலிலும் வருவதால் மறுகாலை ஒப்பீட்டுக்கு வைக்க முடியாது. தீவனத்தில் வைட்டமின் சி எவ்வளவு என்பதையும் கண்டிப்பாகக் கவனியுங்கள். இந்த விலங்கு அதைத் தானே தயாரிக்காது, ஆனால் நீண்ட நாள் அதிகமாகக் கொடுத்தால் தேய்மானம் கூடுகிறது என்று 2004ல் ஒரு ஆய்வு காட்டியது. வைட்டமின் சியும் ஒரு ஆன்டிஆக்ஸிடன்ட்தான், ஆன்டிஆக்ஸிடன்ட் சோதிக்கப்போகிற உங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

கினிப் பன்றிக்கு வழியே இல்லை, ஊசிதான் என்றால் கொலாஜினேஸுக்குப் போங்கள். மயக்கத்தில் காலை மடக்கி, மயிரை மழித்து, முழங்கால் சில்லுக்குக் கீழே உள்ள நாரை விரலால் தடவிக் கண்டுபிடித்து அதன் வழியாக உள்ளே போக வேண்டும். சரியான இடத்தில் இருந்தால் மருந்து தடையில்லாமல் இறங்கும், பிஸ்டனைத் தள்ளும்போது இறுக்கமாக இருந்தால் நீங்கள் கொழுப்பிலோ எலும்பிலோ இருக்கிறீர்கள், எடுத்துவிட்டு மறுபடி போங்கள். வேறு வேலைக்காக இறந்த விலங்குகளில் நீலச் சாயம் போட்டுப் பழகுங்கள், திறந்து பார்த்தால் எங்கே போயிருக்கிறது என்று கண்ணாலேயே தெரியும். சேர்மத்தைத் தொடுவதற்கு முன்னால் சலைன் போட்ட குழுவோடு ஒரு சின்ன சோதனை வைத்து 7ம் நாளிலும் 28ம் நாளிலும் ஸ்லைடு எடுங்கள். குழிகளுக்குள் செல் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள், இருந்தால் மட்டும் மருந்தை ஆரம்பியுங்கள்.