மூன்று முகடுகள், 70 நாள்: கடிதமும் பதிலும்

அன்பின் அண்ணை,

கருந்துளைகள் பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையை வாசித்துவிட்டு இதை எழுதுகிறேன். நான் கொக்குவிலில் உயர்தரப் பிள்ளைகளுக்குப் பௌதிகவியல் ரியூசன் கொடுப்பவன். நீங்கள் சொல்லியிருந்த மாக்சி என்ற எக்ஸ் கதிர்க் கருவியின் தளத்துக்குப் போய், சிக்னஸ் எக்ஸ்-1 என்ற கருந்துளை மூலத்தின் நாளாந்த அளவுகளை இறக்கி எக்செலில் வரைபு கீறிப் பார்த்தேன். ஏழு மாதத் துண்டு ஒன்றில் மூன்று முகடுகள் வடிவாகத் தெரிகின்றன. ஒன்றுக்கும் மற்றதுக்கும் இடையில் ஏறக்குறைய 70 நாள். இதை முன்னம் யாராவது கண்டிருக்கிறார்களா? இரண்டாவது, வகுப்பில் ஒரு பிள்ளை கேட்டது: ஒளிகூட வெளியே வர ஏலாத ஒன்று எப்படிக் கூடிக் குறைந்து மின்னும்? ஏதோ சொல்லிச் சமாளித்துவிட்டேன், எனக்கே திருப்தியில்லை. கடைசியாக, தொலைகாட்டி ஒன்றும் இல்லாமல் யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு இந்தத் துறையில் உண்மையான ஆராய்ச்சி செய்யலாமா, இல்லை இது வெறும் பொழுதுபோக்கா? என் பெயர் போடவேண்டாம்.

*

அன்பின் தம்பி,

வரைபையும் சேர்த்து அனுப்பியது நல்லதாய்ப் போச்சு. மூன்று முகடுகளும் இருக்கின்றன, இடைவெளியும் நீங்கள் சொன்ன கணக்குத்தான். ஆனால் 70 நாள் என்று வாசித்தவுடன் எனக்குச் சந்தேகம் வந்தது விண்வெளி நிலையத்தின் மேல். மாக்சி தனிச் செய்மதி இல்லை, 2009இல் சர்வதேச விண்வெளி நிலையத்தின் ஜப்பான் பகுதியில் பூட்டிய கருவி. நிலையம் 90 நிமிடம் சொச்சத்தில் பூமியை ஒருமுறை சுற்றுகிறது. பூமி நடுவில் கொஞ்சம் பருத்திருப்பதால் அந்தச் சுற்றுப்பாதையின் தளமும் நிலையாக நிற்காமல் நாளுக்கு ஏறக்குறைய 5 பாகை திரும்புகிறது. 360ஐ 5ஆல் பிரியுங்கள், 72. அதாவது ஒரு மூலத்தைக் கருவி எந்தக் கோணத்தில் பார்க்கிறது, நாளில் எத்தனை தரம் பார்க்கிறது, அந்த நேரம் பின்னணிக் கதிர்வீச்சு எவ்வளவு, இதெல்லாம் 72 நாளுக்குக் கிட்ட ஒருமுறை பழையபடி திரும்பி வரும். உங்கள் முகடுகளுக்கு இதுதான் காரணம் என்று நான் அடித்துச் சொல்லவில்லை, ஆனால் முதலில் கழித்துப் பார்க்கவேண்டியது இதைத்தான். அதே ஏழு மாதத்துக்கு நண்டு நெபுலாவின் அளவுகளை இறக்குங்கள். அது பெரிதாக மாறாமல் ஒளிர்வதால், எக்ஸ் கதிர்க்காரர் தங்கள் கருவிகளைச் சரிபார்க்கக் காலங்காலமாக அதைத்தான் வைத்திருக்கிறார்கள். அதிலும் அதே முகடுகள் தெரிந்தால் காரணம் கருவியில்தான். (அதையும் முழுக்க நம்ப ஏலாது. 2008க்குப் பிறகு இரண்டு வருடத்தில் அதுவே 7 சதவீதம் மட்டில் மங்கியிருந்தது தெரியவந்து எல்லோரையும் திகைக்க வைத்தது.) பிறகு ஸ்விஃப்ட் செய்மதியின் அளவுகளையும் பாருங்கள், அதன் சுற்றுப்பாதையும் சாய்வும் வேறு. மாக்சியில் இருக்கும் முகடு அங்கே இல்லை என்றால் கதை அதோடு சரி.

சரி, இரண்டிலும் தெரிகிறது என்றே வைப்போம். அப்போதும் அது ஆவர்த்தனம், அதாவது ஒரே இடைவெளியில் ஒழுங்காகத் திரும்பி வருவது, ஆகிவிடாது. இந்த இடத்தில் வழுக்கியவர்கள் கனக்கப் பேர், அதுவும் சாதாரண ஆட்கள் இல்லை. சிக்னஸ் எக்ஸ்-1ஐ முதலில் கண்டது 1964இல், ஒரு சிறிய ரொக்கெட் வளிமண்டலத்துக்கு மேலே நின்ற சில நிமிடங்களில். 1970 டிசெம்பர் 12இல் கென்யக் கரைக்கு அப்பால் கடலில் நின்ற ஒரு மேடையிலிருந்து உகுரு செய்மதியை ஏவிய பிறகுதான் ஆறுதலாகப் பார்க்க முடிந்தது. பார்த்தால், ஒரு செக்கனுக்குள்ளேயே கூடிக் குறைகிறது. 1971இல் அதைத் துடிப்பு என்று எழுதினார்கள், ஆவர்த்தன காலமும் கொடுத்தார்கள். வேறு குழுக்கள் பார்த்தபோது வேறு எண்கள் வந்தன. 1972இல் அமெரிக்காவின் லொஸ் அலமோஸ் ஆய்வுகூடத்தில் இருந்த ஜேம்ஸ் டெரெல், நேர ஒழுங்கே இல்லாமல் தற்செயலாக வரும் சிறு வெடிப்புகளை ஒன்றன்மேல் ஒன்று கூட்டினாலே அந்தத் துடிப்பு மாதிரி ஒன்று கிடைத்துவிடும் என்று காட்டினார். எனக்கு இதில் பிடித்தது பிறகு நடந்தது: 1983இல் இதே மூலத்தில் ஏறக்குறைய 300 நாள் ஆவர்த்தனம் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது, அதை எழுதிய மூவரில் ஒருவர் அதே டெரெல்! பின்னால் வந்த ஆர்எக்ஸ்டிஇ செய்மதியின் அளவுகளில் தெரிந்ததோ 150 நாளுக்குக் கிட்ட. பாதிதானே என்று சமாதானம் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். ஆக, இந்த மூலத்தில் மாதக்கணக்கான ஆவர்த்தனத்தைத் தேடியவர்கள் உங்களுக்கு முன்னமே இருக்கிறார்கள், கிடைத்த எண் மட்டும் ஒரு இடத்தில் நிற்கவில்லை.

ஏன் இப்படி நடக்கிறது என்றால், இந்த மூலங்களில் மெதுவான மாற்றங்கள் பெரியவை, வேகமானவை சிறியவை. சிவப்பு இரைச்சல் என்பார்கள். வகுப்பில் பிள்ளைகளை ஒரு காசைச் சுண்டச் சொல்லுங்கள், தலை விழுந்தால் ஒன்றைக் கூட்டி, பூ விழுந்தால் ஒன்றைக் கழித்து, 200 தரம் சுண்டி, வந்த கூட்டுத்தொகையை வரைபாகக் கீறினால் மேடும் பள்ளமுமாக இரண்டு மூன்று சுற்று அநேகமாகத் தெரியும், யாரும் அதை அங்கே வைக்கவில்லை. மனிதக் கண்ணுக்கு மூன்று சமமான இடைவெளி கிடைத்தால் போதும், மிச்சத்தைத் தானே கட்டிவிடும். 2015இல் பிஜி 1302-102 என்ற குவாசாரின் (தூரத்து விண்மீன் மண்டலம் ஒன்றின் மிகப் பிரகாசமான நடுப்பகுதி) ஒளி 5.2 ஆண்டுக்கு ஒருமுறை கூடிக் குறைகிறது, உள்ளே இரண்டு கருந்துளைகள் ஒன்றையொன்று சுற்றுகின்றன என்று பெரிதாகச் செய்தி வந்தது. முக்கியமான தரவு இருந்ததோ ஏறக்குறைய ஒன்பது வருடத்துக்கு, இரண்டு சுற்றுகூட முழுதாக இல்லை. அடுத்த வருடமே வேறொரு குழு, வெறும் சிவப்பு இரைச்சலே இப்படி இரண்டு மூன்று சுற்றைக் காட்டும் என்று போலித் தரவுகளை உண்டாக்கிக் காட்டியது.

நீங்களும் அதைத்தான் செய்யவேணும். உங்கள் மூலத்தின் வலு நிறமாலைக்கு (எந்த வேகத்தில் எவ்வளவு ஆட்டம் என்று காட்டும் வரைபு) ஒத்த சிவப்பு இரைச்சலைக் கணினியில் ஆயிரம் தரம் உண்டாக்குங்கள் (டிம்மரும் கோனிக்கும் 1995இல் கொடுத்த வழி இருக்கிறது, பைதனில் ஸ்டிங்ரே என்ற இலவச நூலகத்தில் ஆயத்தமாகவே கிடைக்கும்), மாக்சிக்கு இடைவெளி விழுந்த நாட்களில் அதிலும் இடைவெளி விடுங்கள், எத்தனையில் உங்களுடையது அளவு உயரமான உச்சம் வருகிறது என்று எண்ணுங்கள். எழுபதை மட்டும் பார்த்தால் காணாது, நாற்பதோ ஐம்பதோ தெரிந்திருந்தாலும் எனக்கு எழுதியிருப்பீர்கள்தானே? அதையும் கணக்கில் எடுங்கள். இவ்வளவுக்கும் நேரமில்லை என்றால் சுருக்கமான சோதனை ஒன்று: அடுத்த முகடு எந்தத் திகதியில் வரவேணும் என்று இப்பவே எழுதி வைத்துவிட்டுக் காத்திருங்கள்.

இனி பிள்ளையின் கேள்வி. எனக்கு ஆவர்த்தனத்தைவிட இதில்தான் விருப்பம் கூட. எக்ஸ் கதிர் கருந்துளைக்கு உள்ளேயிருந்து வருவதில்லை, விழப்போகிற வாயு வெளியே நிற்கும்போதே சூடேறி விடுவது. சிக்னஸ் எக்ஸ்-1க்குப் பக்கத்தில் எச்டிஇ 226868 என்ற நீல நிறப் பெரு விண்மீன் இருக்கிறது. இரண்டும் ஒன்றையொன்று 5.6 நாளில் சுற்றுவதை 1971, 72இல் லூயிஸ் வெப்ஸ்டரும் போல் மர்டினும் ஒரு பக்கம், டொரொன்டோவில் டொம் போல்டன் இன்னொரு பக்கமாகக் கண்டார்கள். அந்த விண்மீனிலிருந்து வீசும் வாயு கருந்துளையைச் சுற்றித் தட்டாகப் படிந்து உள்ளே இறங்குகிறது. தட்டில் காந்தப்புலம் கொந்தளிப்பை உண்டாக்கும், 1991இல் பால்பஸும் ஹாலியும் இதைத் தெளிவாக்கினார்கள். ஆகவே வாயு ஒரு சீராக இறங்காது.

இதைப் பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு வெங்காயத் தோட்டம் காணும். கிணற்றடியில் மோட்டர் ஒரே சீராக இறைப்பதில்லை. வாய்க்காலின் ஒவ்வொரு திருப்பத்திலும் மண் சரியும், யாரோ மண்வெட்டியால் அடைப்பார், திறப்பார். கடைசித் தறைக்கு வந்து சேரும் தண்ணீரில் வழிநெடுக நடந்த ஆட்டம் எல்லாம் இருக்கும், ஆனால் கூட்டலாக இல்லை, பெருக்கலாக. மோட்டரில் தண்ணீர் பாதியானால், கீழே நிற்பவர் எப்படித் திறந்து மூடினாலும் அந்தப் பாதிக்குள்தான் ஆட்டம். தட்டிலும் அப்படியே: வெளி ஓரத்தில் மெதுவான மாற்றங்கள், உள்ளே வர வர வேகமானவை, ஒன்றையொன்று பெருக்கிக்கொண்டு இறங்குகின்றன. 1997இல் லியுபார்ஸ்கி இதைக் கணக்காக எழுதினார். 2001இல் அட்லியும் மெக்ஹார்டியும் அளந்து பார்த்ததும் பொருந்துகிறது: மூலம் பிரகாசமாக இருக்கும் நேரத்தில் ஆட்டமும் அதே விகிதத்தில் பெரிது, மங்கலாக இருக்கும் நேரத்தில் சிறிது. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத வெடிப்புகளைக் கூட்டினால் இது வராது, ஆகவே டெரெலின் விளக்கமும் அப்படியே நிலைக்கவில்லை. இன்னொன்று, சக்தி கூடிய எக்ஸ் கதிரின் ஆட்டம் சக்தி குறைந்ததன் ஆட்டத்துக்குச் சற்றுப் பிந்தியே வருகிறது. சூடான உள்பகுதிக்கு மாற்றம் வந்து சேர நேரமெடுக்கும் என்று பார்த்தால் அதுவும் ஒத்துப்போகிறது.

இப்ப பாருங்கள், இவ்வளவு விஷயமும் ஆவர்த்தனம் இல்லாத ஆட்டத்திலிருந்து வந்தவை. ஒழுங்கான துடிப்பு உறுதியாகியிருந்தால் இது சுழலும் நியூத்திரன் விண்மீன் என்று கோப்பை மூடியிருப்பார்கள். துடிப்பு இல்லை என்பது மட்டும் கருந்துளைக்கு அத்தாட்சி ஆகாதுதான், திணிவை அளந்த பிறகுதான் உறுதி வந்தது. 2021இல் வந்த கணக்கின்படி சூரியனைப்போல் 21 மடங்கு, தூரம் 7,200 ஒளியாண்டு. சூரியத் திணிவு ஒன்றுக்கு 3 கிலோமீற்றர் ஆரை என்று போட்டால், சுழலாத கருந்துளை ஒன்றுக்கு விட்டம் 125 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும், நீங்கள் வீதியால் வவுனியா போகிற தூரத்தைவிடக் குறைவு. ஒளி அதைக் கடக்க ஒரு மில்லிசெக்கனில் பாதிகூட எடுக்காது. ஒரு பொருள் தன்னை ஒளி கடக்கும் நேரத்தைவிட வேகமாக மொத்தமாகக் கூடிக் குறைய முடியாது, ஆகவே ஆட்டம் எவ்வளவு வேகம் என்று அளந்தாலே அதன் இடம் எவ்வளவு சிறிது என்று தெரிந்துவிடும். ஏழாயிரம் ஒளியாண்டுக்கு அப்பால் நூறு கிலோமீற்றர் கணக்கில் உள்ள ஒன்றைப் பற்றிப் பேச இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. ஒழுங்குக்குக் கிட்டவாக வருபவையும் இருக்கின்றன. 1992இல் கண்ட ஜிஆர்எஸ் 1915+105 என்ற கருந்துளை மூலம் சில காலங்களில் செக்கனுக்கு 67 தரம் மட்டில் அதிர்ந்தது, வேறு சில காலங்களில் ஒரு நிமிடத்துக்கு ஒருதரம் மட்டில் இதயத்துடிப்பு வரைபு மாதிரியும் ஏறி இறங்கியது. அதைத் தனியாக எழுதவேணும்.

மாக்சியின் நாளாந்த அளவில் இந்த மில்லிசெக்கன் விளையாட்டு ஒன்றும் தெரியாது, நாள் முழுவதும் வந்ததைச் சராசரி ஆக்கிய எண் அது. உங்களுக்கு வேண்டியது கருவியில் விழும் கதிர்களுக்கு நேரம் குறித்த தரவு. 1995 டிசெம்பரிலிருந்து 2012 ஜனவரி வரை ஓடிய ஆர்எக்ஸ்டிஇயின் தரவு முழுவதும் நாசாவின் திறந்த களஞ்சியத்தில் கிடக்கிறது. 2015 செப்டெம்பர் 28இல் ஸ்ரீஹரிக்கோட்டாவிலிருந்து போன இந்தியச் செய்மதி அஸ்ட்ரோசாற்றில் உள்ள கருவி 10 மைக்ரோசெக்கன் வரைக்கும் நேரம் பிரிக்கும், அதன் தரவையும் இறக்கலாம்.

தொலைகாட்டி இல்லை என்று கவலைப்பட இந்தத் துறையில் இடமே இல்லை. எக்ஸ் கதிரை வளிமண்டலம் மேலேயே விழுங்கிவிடும், ஆகவே சிலியின் மலையுச்சியில் இருப்பவருக்கும் கொக்குவிலில் இருப்பவருக்கும் கிடைப்பது ஒரே கோப்புத்தான். இங்கே உண்மையாகவே குறைவது, நீங்கள் காட்டும் வரைபைப் பார்த்து இது பிழை என்று முகத்துக்கு நேரே சொல்லும் ஆட்கள். பெரிய ஆராய்ச்சி நிலையங்களில் இருப்பவர்களுக்குப் பக்கத்து மேசையிலேயே அது கிடைக்கிறது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் இருக்கும் திருநெல்வேலி உங்களுக்குச் சைக்கிள் தூரம், அங்கே பௌதிகவியல்காரரிடம் மட்டும் போகாமல் புள்ளிவிபரவியல்காரரிடமும் போங்கள். கருந்துளை என்று தொடங்கவேண்டாம், காலத் தொடர் ஒன்று இருக்கிறது, இதில் உள்ள உச்சம் உண்மையா என்று கேளுங்கள், அவர்களுக்கு அது நல்ல பழக்கமான கேள்வி. சோதனைகள் எல்லாவற்றையும் செய்து, மற்றவர் திரும்பச் செய்து பார்க்கும் விதமாக எழுதினால் அது ஆராய்ச்சி. பட்டம் வேண்டுமென்றால் மேற்பார்வையாளர் தேவை, அது வேறு பிரச்சினை, அதற்கு வெளியே போகவேண்டியும் வரலாம்.

வகுப்புக்கு ஒரு பயிற்சி. மாக்சியில் விண்வெளி நிலையத்தின் ஒரு சுற்றுக்கு ஒன்றாக உள்ள அளவுகளை, 2 முதல் 4 கிலோ இலத்திரன்வோல்ற்று பட்டையில் மட்டும் ஒரு வருடத்துக்கு இறக்கி, நாளெண்ணை எக்செலில் மொட் கட்டளையால் 5.6ஆல் வகுத்து மிச்சத்தை எடுத்து, மிச்சத்தின் ஒழுங்கில் அடுக்கிச் சராசரி போடச் சொல்லுங்கள். விண்மீன் எங்களுக்கும் கருந்துளைக்கும் நடுவே வரும் நேரத்தில் அதன் வாயு குறைந்த சக்திக் கதிரை உறிஞ்சுவதால் ஒரு பள்ளம் தெரியவேணும். இது இருக்கிறது என்று வேறு வழியால் தெரிந்த ஆவர்த்தனம், ஆகவே உங்கள் முறை வேலை செய்கிறதா என்பதற்கும் சோதனை. மூலம் வன்நிலையில் (சக்தி கூடிய எக்ஸ் கதிர் ஓங்கி நிற்கும் நிலை) இருந்த வருடமாகப் பார்த்து எடுங்கள், சக்தி குறைந்த கதிர் ஓங்கி நிற்கும் மென்நிலையில் இந்தப் பள்ளம் வடிவாகத் தெரியாது.