டீமன் ஓடுகிறது, பாக்கெட் ஓடவில்லையே!

கேள்வி: லினக்ஸ் மெஷினில் பேர்ட் 2 என்ற ரவுட்டிங் டீமன் (பின்னணியில் ஓடும் புரோகிராம்) போட்டிருக்கிறேன். அதைக் கட்டுப்படுத்தும் பேர்ட்சியில் 'ஷோ புரோட்டோகால்ஸ்' அடித்தால் பிஜிபி (ரவுட்டர்கள் ரூட்டுகளைப் பரிமாறும் புரோட்டோகால்) செஷன் எஸ்டாப்ளிஷ்டு என்கிறது, 'ஷோ ரூட்' அடித்தால் ரூட்டெல்லாம் வரிசையாக வருகிறது. ஆனால் அந்தப் பக்கத்துக்கு பிங் போகவில்லை. எங்கே மாட்டிக்கொண்டது?

பதில்: நீங்கள் பார்த்தது பேர்ட் தன் மெமரியில் வைத்திருக்கும் பட்டியல். பாக்கெட்டைத் தள்ளிவிடுவது பேர்டின் வேலையே இல்லை, அதைச் செய்வது லினக்ஸின் மையமான கெர்னல். அதனால் ரூட் போய்ச் சேர்ந்ததா என்று கெர்னலிடம்தான் கேட்க வேண்டும். பேர்ட்சியை விட்டு வெளியே வந்து 'ஐபி ரூட் ஷோ புரோட்டோ பேர்ட்' என்று அடியுங்கள். ஒவ்வொரு ரூட்டிலும் அதைப் போட்டது யார் என்று ஒரு எண் ஒட்டியிருக்கும்: பேர்டுக்கு 12, பேர்ட் போன்ற இன்னொரு ரவுட்டிங் மென்பொருளான எஃப்ஆர்ஆர் போடும் பிஜிபி ரூட்டுக்கு 186, அதன் ஓஎஸ்பிஎஃப் (இன்னொரு ரவுட்டிங் புரோட்டோகால்) ரூட்டுக்கு 188. பெயர் செல்லாவிட்டால் எண்ணையே கொடுக்கலாம்.

ஒன்றுமே வரவில்லையா? அப்படியானால் கான்ஃபிகில் கெர்னல் புரோட்டோகால் பிளாக்கைப் பாருங்கள். பிளாக்கே இல்லாமல் இருக்கலாம், அல்லது இருந்தும் அதன் ஐபிவி4 சேனலுக்குள் எக்ஸ்போர்ட் வரி இல்லாமல் இருக்கலாம். எக்ஸ்போர்ட்டின் டீஃபால்ட் 'நன்', அதாவது எதுவும் போகாது. எழுதிக் கொடுக்காத வரை பேர்ட் ஒரு ரூட்டைக்கூட கெர்னலில் போடாது, எர்ரரும் காட்டாது. இங்கே பலரும் குழம்புவது திசையில். பேர்டின் டேபிளை நடுவில் வைத்துப் பாருங்கள், டேபிளுக்குள் வருவது இம்போர்ட், டேபிளிலிருந்து வெளியே போவது எக்ஸ்போர்ட், அது பக்கத்து ரவுட்டருக்குப் போனாலும் சரி, சொந்த கெர்னலுக்குப் போனாலும் சரி. 'எக்ஸ்போர்ட் ஆல்' போட்டுச் சோதித்துவிட்டு அப்புறம் ஃபில்டர் எழுதிக்கொள்ளலாம்.

கெர்னலில் ரூட் இருந்தும் பிங் வரவில்லையென்றால் பேர்டை விட்டுவிடுங்கள். உங்கள் முகவரிக்குத் திரும்பி வர எதிர்முனையிடம் ரூட் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். இந்த மெஷின் வழியாக மற்றவர்களின் டிராஃபிக் கடக்க வேண்டுமென்றால் ஐபி ஃபார்வர்டிங் 1 ஆக இருக்க வேண்டும். போகிற வழியும் வருகிற வழியும் வேறு வேறாக இருந்தால் ஆர்பி ஃபில்டர் (பாக்கெட் சரியான வழியில் வந்ததா என்று பார்க்கும் கெர்னல் அமைப்பு) சத்தமே இல்லாமல் பாக்கெட்டைக் கொன்றுவிடும், அதையும் ஒரு பார்வை பாருங்கள்.

கேள்வி: டெர்மினலில் பேர்ட் என்று அடித்தால் உடனே பிராம்ப்ட் திரும்பி வந்துவிடுகிறது. ஓடுகிறதா, செத்துவிட்டதா?

பதில்: பின்னணிக்குப் போய்விட்டது, இனி அது பேசுவதெல்லாம் லாகில்தான். கற்றுக்கொள்ளும்போது சின்ன 'டி' (-d) ஆப்ஷனோடு ஓட்டுங்கள், கண்முன்னே நின்று டீபக் செய்திகளைக் கொட்டும். இன்னொரு டெர்மினலில் பேர்ட்சி. அதற்கும் முன்னால் சின்ன 'பி' (-p) போட்டு ஓட்டினால் கான்ஃபிகைப் படித்துத் தப்பு இருந்தால் சொல்லிவிட்டு வெளியேறிவிடும். பெரிய 'பி' (-P) வேறு, அது பிஐடி (பிராசஸ் எண்) ஃபைலுக்கானது. 'ஐ ஃபவுண்ட் அனதர் பேர்ட் ரன்னிங்' என்று வந்தால் சர்வீஸ்களைக் கிளப்பும் சிஸ்டம்டி ஏற்கெனவே ஒன்றைக் கிளப்பிவிட்டிருக்கிறது. பேர்ட்சி பேசும் சாக்கெட்டை மாற்றி இரண்டாவதை ஓட்டலாமே என்று தோன்றும், ஓட்டலாம்தான். ஆனால் இரண்டும் ஒரே கெர்னல் டேபிளில் எழுதினால் ஒன்று போட்ட ரூட்டை மற்றது அழிக்கும், ஏனென்றால் இரண்டுக்கும் அதே 12.

கேள்வி: டீமனை கில் செய்தால் டிராஃபிக் நிற்குமா?

பதில்: எப்படிக் கில் செய்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சாதாரண கில் போனால் பேர்ட் செஷன்களை மூடி, கெர்னலிலிருந்து தன் ரூட்டுகளை எடுத்துவிட்டுத்தான் போகும் (கெர்னல் பிளாக்கில் 'பர்சிஸ்ட்' இருந்தால் எடுக்காது). கில் 9 என்றால் எடுக்க நேரமே இல்லை, ரூட் கெர்னலிலேயே தங்கிவிடும். அதனால் டிராஃபிக் தப்பித்தது என்று நினைக்க வேண்டாம். பிராசஸ் செத்ததும் டிசிபி இணைப்பு அறுந்துவிடும், பக்கத்து ரவுட்டர் அதைப் பார்த்து உங்கள் ரூட்டுகளைத் தூக்கிவிடும், ஆக நீங்கள் அனுப்புவது போகும், வருவது நின்றுவிடும். நிஜமாகவே தடையில்லாமல் ரீஸ்டார்ட் செய்ய இரண்டு பக்கமும் கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்டுக்கு (டீமன் திரும்பி வரும் வரை ரூட்டுகளைத் தூக்காமல் காத்திருப்பதற்கு) ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். பேர்ட்சியில் 'கிரேஸ்ஃபுல் ரீஸ்டார்ட்' கொடுத்து இறக்கி, மறுபடி கிளப்பும்போது பெரிய 'ஆர்' (-R) ஆப்ஷனைச் சேர்க்க வேண்டும்.

கேள்வி: தூரத்தில் இருக்கும் ரவுட்டரில் எஸ்எஸ்எச் வழியாகக் கான்ஃபிக் மாற்றப் பயமாக இருக்கிறது.

பதில்: பயம் நியாயமானதுதான். 2021 அக்டோபர் 4 அன்று பராமரிப்பு வேலையில் கொடுத்த ஒரு கமாண்ட் ஃபேஸ்புக்கின் முதுகெலும்பு நெட்வொர்க்கையே அறுத்துவிட்டது, டிஎன்எஸ் சர்வர்களின் பிஜிபி அறிவிப்புகள் காணாமல் போயின, சரிசெய்ய உள்ளே நுழையும் வழியும் கூடவே போனது. திரும்பி வர ஏறக்குறைய 6 மணி நேரம்.

பேர்ட்சியில் முதலில் 'கன்ஃபிகர் செக்'. பிறகு 'கன்ஃபிகர் டைம்அவுட் 60'. புதிய கான்ஃபிக் அமலுக்கு வரும், 60 வினாடிக்குள் 'கன்ஃபிகர் கன்ஃபர்ம்' கொடுக்காவிட்டால் தானே பழையதற்குத் திரும்பிவிடும். எண் கொடுக்காவிட்டால் 300 வினாடி. நீங்கள் வெளியே பூட்டப்பட்டால் கன்ஃபர்ம் அடிக்க முடியாது, அதுதான் உங்களைக் காப்பாற்றும். ஒரே ஒரு ஓட்டை: திரும்புவது மெமரியில் மட்டும்தான், டிஸ்க்கில் இருக்கும் ஃபைல் நீங்கள் கெடுத்தபடியே இருக்கும். அதை மாற்றாமல் விட்டால் அடுத்த ரீபூட்டில் அதே தப்பு, இந்த முறை டைம்அவுட் இல்லாமல்.

கேள்வி: எஃப்ஆர்ஆர் போட்டேன். அதன் கமாண்ட் ஷெல்லான விடிஷ்ஷில் பிஜிபி கமாண்டுகளே வேலை செய்யவில்லை. அதைச் சரிசெய்ததும் நெய்பருக்கு எதிரே 'பாலிசி' என்று அடைப்புக்குறிக்குள் வருகிறது.

பதில்: முதலாவது, எஃப்ஆர்ஆரில் ஒவ்வொரு புரோட்டோகாலுக்கும் தனி டீமன், 'டீமன்ஸ்' என்ற ஃபைலில் பிஜிபிடி எதிரே 'யெஸ்' (yes) போட்டு சர்வீஸை ரீஸ்டார்ட் செய்திருப்பீர்கள், சரிதான். இரண்டாவது பழுதே இல்லை. 2017-இல் வந்த ஆர்எஃப்சி 8212, வெளி நெட்வொர்க்கோடு பிஜிபி பேசும்போது உள்ளே வரவும் வெளியே போகவும் பாலிசி எழுதப்படாவிட்டால் எந்த ரூட்டும் நகரக்கூடாது என்கிறது, எஃப்ஆர்ஆர் அதைத்தான் செய்கிறது. அந்தக் கட்டுப்பாட்டையே அணைக்க ஒரு வரி உண்டு, எல்லோரும் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். லேபைத் தவிர வேறெங்கும் அதைத் தொடாதீர்கள், இரண்டு திசைக்கும் ஒரு ரூட்மேப் (எந்த ரூட்டை விடலாம் என்ற விதி) எழுதுங்கள்.