பதினோராம் வகுப்பிலேயே கல்லூரிப் பாடமா?
சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதிய சகோதரிக்கு, பதினோராம் வகுப்பு படிக்கும் மகளைத் தனியார் கல்லூரியின் மாலைநேரக் கணக்கியல் பாடத்தில் சேர்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இந்த ஆண்டு வேண்டாம் என்பேன். இங்கே தென்னாப்பிரிக்காவில் பல்கலைக்கழகங்கள் தற்காலிக இடம் தருவது பெரும்பாலும் பதினோராம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்துத்தான். சேர்க்கைப் புள்ளிகளையும் பள்ளிப் பாடங்களிலிருந்தே கூட்டுகிறார்கள். கணக்கியல் பட்டத்துக்கு முதலில் பார்ப்பது கணிதம். அதற்குப் பதிலாக ‘கணித எழுத்தறிவு’ என்ற எளிய பாடத்தை எடுத்திருந்தால் பெரும்பாலும் கதவு திறக்காது. அவள் எதை எடுத்திருக்கிறாள்? நீங்கள் சொல்லவில்லை.

என் மகனை இப்படிச் சேர்த்தேன். கணிதம் சரிந்தது, கட்டிய ரேண்டும் திரும்பவில்லை. (சமோசா விற்றுச் சேர்த்த பணம், இன்னும் வலிக்கிறது.)

மெட்ரிக், அதாவது பன்னிரண்டாம் வகுப்பு இறுதித் தேர்வு, எழுதி முடித்தபின் சேர்க்கலாம். அப்போதும் அந்தக் கல்லூரி தரும் தகுதி முறையாகப் பதிவானதா, அங்கே படித்ததை மறுபடி படிக்காமலிருக்கப் பல்கலைக்கழகம் விலக்குத் தருமா என்று எழுத்தில் கேட்டு வாங்கிவிட்டுப் பணம் கட்டுங்கள்.